பச்சைப் பெட்டியும் பரண்மேல் பாயும்

ஞாயிற்றுக்கிழமை என்றால் மரியதாஸின் மாடுகளுக்குத் தெரிந்துவிடும். அன்று மட்டும் விடிந்து வெகுநேரம் வரை படுத்தபடி அசைபோடும். இந்த ஞாயிறு அந்தச் சலுகை நடுப்பகல் வரைக்கும்தான். ஜெபவீட்டில் ஜெபம் முடிந்ததும் வில்லியனூர் ஸ்டேஷனுக்கு ஒரு சவாரி இருந்தது. சுமை என்று பார்த்தால் ஒரே ஒரு பச்சை டிரங்குப் பெட்டி. மூன்று வாரத்துக்கு முன் அதே பெட்டியை அதே ஸ்டேஷனிலிருந்து கரியமாணிக்கத்துக்கு ஏற்றி வந்தவரும் மரியதாஸ்தான்.

வரும்போது பெட்டிக்காரன் மாப்பிள்ளையாக வந்தான். இன்று வெறும் ஆளாகத் திரும்புகிறான்.

அவன் பெயர் பிரகாசம். சைகோனில் துறைமுகக் கிடங்கில் காவல் வேலை. மரியதாஸின் தம்பி செல்லப்பன் தன் மகள் ஞானப்பூவை அவனுக்குப் பேசி, வெற்றிலை மாற்றி, மேரி என்று ஊர் சொல்லும் நெட்டப்பாக்கம் பிரெஞ்சு நகராட்சி ஆபீசில் இருவர் பெயரையும் பதிந்து, பிரெஞ்சு எழுத்தில் கல்யாண அறிவிப்புக் காகிதம் ஒட்டும் வரை வந்துவிட்டது. போன ஞாயிறு ஜெபவீட்டில் மரியதாஸின் மனைவி தையலம்மாள் எழுந்து நின்று தீர்க்கதரிசனம் சொன்னாள். திங்கட்கிழமை செல்லப்பன் கல்யாணத்தை நிறுத்திவிட்டான்.

தையலம்மாள் வாக்குக்கு அப்பீல் கிடையாது. நாலு வருஷத்துக்கு முன் சாமிக்கண்ணு உபதேசியார் கடலூர்ப் பக்கமிருந்து வந்து, கீற்று வேய்ந்து அந்த ஜெபவீட்டைத் தொடங்கிய நாளிலிருந்து அவள் சொன்ன எதுவும் தவறியதில்லை என்பது ஊர்ப் பேச்சு. செல்லப்பனின் தொலைந்துபோன கிடாரி பண்டசோழநல்லூரில் நிற்கிறது என்றாள், நின்றது. ஜெபவீட்டுக் கிணற்றில் பதினெட்டு முழத்தில் தண்ணீர் என்றாள், வந்தது.

அவளுக்கு வார்த்தை வராத காரியம் ஒன்றே ஒன்று. ஏழு வருஷத்துக்கு முன் அப்பனோடு கோபித்துக்கொண்டு சைகோனுக்குக் கப்பலேறிய ஒரே மகன் சூசை. அவன் எங்கே, எப்படி இருக்கிறான் என்று அவள் கேட்காத நாள் இல்லை. பதில் வந்ததில்லை.

மரியதாஸ் தவிடு கலக்கிக்கொண்டிருந்தபோது ஞானப்பூ வந்தாள். கையில் நோட்டு. ஜெபவீட்டுப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்தி என்பதால், வாக்கு எது வந்தாலும் அதைச் சொன்னது சொன்னபடி எழுதிவைப்பது அவள் பொறுப்பு. தன் கல்யாணத்தைக் கெடுத்த வாக்கையும் அவளே, தன் கையாலேயே, பிழையில்லாமல் எழுதியிருந்தாள்.

“வண்டி எத்தினி மணிக்கு பெரிப்பா?”

“ஜெபம் முடிஞ்சி. ஏன், நீயும் ஸ்டேஷனுக்கு வர்றியா?”

“பொட்டிக்குள்ள எடம் இருந்தா வர்றேன். ஏற்கெனவே ஒருத்தி உள்ள இருக்கறாளாமே.”

“இன்னாடி ஒளர்ற?”

“நானா ஒளர்றேன்? பெரிம்மா சொன்னது. போன வாரம் நீதான் சனிக்கெழமையே கரும்பு ஏத்திக்கினு ஆலைக்குப் போய்ட்டியே. கல்யாணத்த நிறுத்திட்டாங்கன்னு கேட்ட. இன்னா சொல்லி நிறுத்தினாங்கன்னு கேட்டியா?”

கேட்கவில்லைதான். வாரம் முழுக்கத் தம்பி வீட்டுப் பக்கம் தலைகாட்டவே அவருக்கு மனம் வரவில்லை.

ஞானப்பூ நோட்டைப் பிரித்து, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கும் குரலில் படித்தாள்.

“‘கடல் தாண்டி வந்த பச்சைப் பெட்டியைக் கண்டேன். அதன் நாலு மூலையிலும் பித்தளை. அதற்குள்ளே ஒரு பெண்ணைக் கண்டேன். அவளை நாலாய் மடித்து வைத்திருந்தது. ஐயோ, மூச்சு முட்டுகிறதே என்று அவள் அழுதாள்.’ அவ்ளோதான்.”

தவிட்டு வாளி மரியதாஸின் கையிலிருந்து நழுவி அவர் காலிலேயே கவிழ்ந்தது.

“பொட்டிக்குள்ள இருக்கறது ஆண்டவருக்குத் தெரியுது. சாவி எங்கன்னும் சொல்லியிருந்தார்னா நானே தெறந்து பாத்திருப்பேன்” என்றவள், நிமிர்ந்தாள். “இன்னா பெரிப்பா, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சி?”

“ஒண்ணுமில்ல. மாடு ஒதச்சிடுச்சி.”

“மாடு படுத்துக்கினு இல்ல இருக்குது?”

அவள் போன பிறகும் மரியதாஸ் ஈரக் காலோடு அங்கேயே நின்றார். நாலாய் மடித்து. மூச்சு முட்டுகிறதே. இரண்டும் எந்த வாயிலிருந்து கிளம்பியவை என்று அவருக்குத் தெரியும். அந்த வாய் அவருடையது.

மூன்று வாரத்துக்கு முன் ஸ்டேஷனிலிருந்து வரும் வழியில், பிரகாசம் சட்டைக்குள்ளிருந்து ஒரு கடுதாசியை எடுத்துத் தந்தான். “சூசை குடுத்தான் மாமா. மொதல்ல நீங்க யாரையாச்சும் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, அப்புறமா அத்தைக்குச் சொல்லணும்னான். என்னை வாயத் தெறக்கக் கூடாதுன்னுட்டான்.”

மரியதாஸுக்குப் படிக்கத் தெரியாது. படிக்கச் சொல்லிக் கேட்கத் தைரியமும் இல்லை. அம்மாவுக்கு முன்னால் அப்பனுக்குச் சொல்ல வேண்டிய சேதி நல்ல சேதியாகவா இருக்கும்? ஒட்டிய கவரை ஒட்டியபடியே, வண்டிக்காரன் உட்காரும் பலகைக்குக் கீழே வைக்கோலுக்குள் செருகிவைத்தார்.

அன்று பொழுது சாயும்போது வீட்டுக்கு வந்தால், தையலம்மாள் குளிர்காய்ச்சலில் கிடந்தாள். கண் திறக்கவில்லை. கஞ்சி வேண்டாமென்றாள். மனசில் இருந்ததை மறைக்க வேண்டிய மனுஷன் என்ன செய்வான்? வாய் ஓயாமல் பேசினார்.

“அந்தப் பிரகாசம் பொட்டி இன்னா கனம் தெரியுமா தையலு? பச்சைப் பொட்டி. மூலைக்கு மூலை பித்தளை. சைகோன் பொண்டாட்டிய நாலா மடிச்சி உள்ள வச்சிருக்கான் போல. பள்ளத்துல வண்டி எறங்கறப்பல்லாம், ஐயோ மூச்சு முட்டுதேன்னு உள்ளேர்ந்து கொரல் வருது.”

அவள் உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்தது. மூன்று வாய் கஞ்சி இறங்கியது. மறுநாள் காய்ச்சல் விட்டபோது, முந்தின நாள் மாலை என்று ஒன்று இருந்ததே அவளுக்கு நினைவில் இல்லை.

ஊரே கேட்டு நடுங்கிய வாக்கு, அவர் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுத்த கதை.

நேரே தம்பி வீட்டுக்குப் போனார். செல்லப்பன் வாசலில் சவரம் செய்துகொண்டிருந்தான். பாதி முகம் வழவழப்பு, பாதி முகம் சோப்பு நுரை. அண்ணனைப் பார்த்ததும் கத்தியை இறக்கினான்.

“செல்லப்பா, அந்தப் பொட்டிய ஒரு வாட்டி தெறந்து பாத்துட்டா இன்னா?”

“இன்னாண்ணே பேசற? அண்ணி வாயால ஆண்டவரே சொல்லிட்டாரு. அதுக்கு மேல தெறந்து பாத்தா அவர நம்பலன்னு ஆவும்ல?”

“உள்ள ஒண்ணும் இல்லன்னா?”

“இல்லன்னா இன்னா? மடிச்சவன் எடுத்து வேற எங்கயாவது வச்சிருப்பான்.”

மரியதாஸ் பல்லைக் கடித்துக்கொண்டார். “பிரகாசம் இன்னா சொல்றான்?”

“அவனா? ஊர்ல நாலு பேரு தெறந்து காட்டுன்னாங்க. சந்தேகப்பட்டுத் தெறக்கச் சொல்ற எடத்துல எனக்குப் பொண்ணு வேணாம்ன்றான். பாத்தியா, குத்தமுள்ள நெஞ்சு.” செல்லப்பன் நுரைப் பக்கத்தைத் தடவினான். “வியாழக்கிழமை கப்பலு. போய்த் தொலையட்டும்ணே. எம் பொண்ணு தப்பிச்சா.”

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. தப்பித்த பெண் அடுப்படியில் இருந்தாள் போலிருக்கிறது. விழுந்த வேகத்தைப் பார்த்தால் தப்பித்த சந்தோஷம் தெரியவில்லை.

மரியதாஸ் திரும்பி நடந்தார். ஒரு வார்த்தை சொன்னால் ஞானப்பூவின் கல்யாணம் நடக்கும். அதே வார்த்தையில் தையலம்மாள் ஊர் சிரிக்க நிற்பாள். சொல்லாவிட்டால் அவளுக்கு மரியாதை மிச்சம்; பிரகாசத்தை ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, வரும் வழியெல்லாம் வெறும் வண்டியோடு பேசிக்கொண்டு வர வேண்டியதுதான்.

தையலம்மாள் தலைக்குக் குளித்து, வெயிலில் கூந்தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். மரியதாஸ் எதிரில் போய்க் குந்தினார். எழுந்தார். மறுபடி குந்தினார்.

“இன்னாயா, கோழி மாதிரி?” என்றாள்.

சொல்லிவிட்டார். காய்ச்சல், கஞ்சி, பித்தளை மூலை, பள்ளம், உள்ளேயிருந்து வந்த குரல் எல்லாவற்றையும். கடுதாசி ஒன்றைத் தவிர.

தையலம்மாள் கூந்தலை உதறுவதை நிறுத்தினாள். பிறகு, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

“செல்லப்பன் கிடாரி?”

“பண்டசோழநல்லூர்ல ஒரு வழி தெரியாத கிடாரி நிக்குதுன்னு நான்தான் வந்து சொன்னேன். நீ அடுப்பு ஊதிக்கினு இருந்த.”

“உபதேசியாருக்கு மூட்டு வலின்னு சொன்னனே?”

“அது ஊருக்கே தெரியும் தையலு. அவரு நடந்தா தெரியும்.”

“கெணறு?”

மரியதாஸ் யோசித்தார். “கெணறு நான் சொல்லல.”

“அப்ப அது ஒண்ணுதான் மிச்சமா? நாலு வருஷமா நான் பேசினதெல்லாம் நீ வண்டி ஓட்டிக்கினு வந்த கதைதானா?”

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் மரியதாஸுக்குத் தாங்கவில்லை.

“நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்” என்றார் மெதுவாக. “நீ ஒரு வார்த்தை சொல்லு. நான் பாட்டுக்கு அவன வண்டியில ஏத்திக்கினு போயிடறேன்.”

தையலம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஈரக் கூந்தலை அப்படியே முடிந்துகொண்டு எழுந்தாள்.

“நல்லா இருக்குதுயா நீ சொல்றது. அந்தப் பொண்ணு வாழ்க்கைய மடிச்சிப் பொட்டில வச்சிட்டு எனக்குப் பேரா? ரெண்டு மூணு வருஷமா நான் தும்மினாக்கூட அதுக்கு ஒரு அர்த்தம் சொல்றாங்க. இல்லன்னு சொல்ல ஒரு ஆளு கெடையாது. எனக்கே பயமா இருந்துச்சி. வா, பரண்மேல இருக்கற பாய எறக்கச் சொல்லுவோம்.”

உபதேசியார் வந்த புதிதில் செய்திருந்த ஏற்பாடு அது. யார் வாக்கு சொன்னாலும், மூன்று பேர் தனியாக ஒரு கோரைப்பாயில் உட்கார்ந்து அதை நிதானிக்க வேண்டும். எங்கிருந்து வந்தது, யாருக்கு நல்லது, என்ன செய்யச் சொல்கிறது என்று கேட்டுப் பார்த்து, அவர்கள் சரியென்ற பிறகுதான் சபை ஆமென் சொல்லும். கிணற்றில் தண்ணீர் வந்த நாளோடு பாய்க்கு வேலை போயிற்று. உபதேசியார் மனைவி இரண்டு கோடை அதில் மிளகாய் காயவைத்து, பிறகு சுருட்டிப் பரணில் போட்டுவிட்டாள்.

இன்று ஜெபவீட்டில் சபை நடுவே அதை இறக்கி விரித்தபோது முதலில் தும்மியது உபதேசியார்தான். அடுத்து மருத்துவச்சி சின்னப்பிள்ளை. மூன்றாவது ஆளான கிணறு வெட்டும் பலராமன் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“இன்னா சேதி தையலு? யாரு வாக்க நிதானிக்கணும்?” என்றாள் சின்னப்பிள்ளை, கண்ணைத் துடைத்தபடி.

“என் வாக்க. போன ஞாயித்துக்கெழமை சொன்னத” என்றாள் தையலம்மாள். “அது ஆண்டவர்கிட்டேர்ந்து வந்துதா, என் வூட்டுக்காரர்கிட்டேர்ந்து வந்துதான்னு பாத்துச் சொல்லுங்க.”

மரியதாஸ் எழுந்தார். இருபது மூட்டை ஏற்றிய வண்டியை ஓட்டியிருக்கிறார். ஆறு அடி நடந்து பாய் முன்னால் நிற்பதற்குள் வேர்த்துவிட்டது. முதலில் திக்கினார். பள்ளத்தில் வண்டி இறங்கிய இடம் வந்தபோது பழக்கதோஷத்தில் கதை சூடுபிடித்தது. “ஐயோ மூச்சு முட்டுதே” என்று அவர் மெல்லிய குரலில் சொல்லிக் காட்டியதும், பின்வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அது பரவியது. உபதேசியார் சிரிக்கக் கூடாதென்று தும்மினார்.

சிரிக்காதவன் செல்லப்பன் ஒருவன்தான். “அண்ணே” என்று எழுந்தான், “வெளையாட்டுக்கா எம் பொண்ணு கல்யாணத்த நிறுத்தின?”

“இரு செல்லப்பா” என்று சின்னப்பிள்ளை கையைக் காட்டினாள். “ஞானப்பூ, அந்த நோட்ட இன்னொரு வாட்டி படி.”

ஞானப்பூ படித்தாள்.

“கல்யாணத்த நிறுத்துன்னு அதுல எங்க எழுதியிருக்குது?”

“இல்ல ஆயா.”

“அடுத்த பக்கத்துல?”

“அடுத்த பக்கம் வெறும் பக்கம்.”

“அப்ப நிறுத்தினது யாரு?”

சவரம் செய்த கன்னத்தைச் செல்லப்பன் தடவிக்கொண்டான்.

பலராமன் மூக்கிலிருந்து கையை எடுத்தான். “நானும் ஒண்ணு சொல்லிடறேன். ஜெபவீட்டுக் கெணத்துக்கு நான் சொன்னது இருபத்தஞ்சி முழம். அம்மாதான் பதினெட்டுன்னாங்க. மண்ணு பாக்கறது என் தொழிலு. மரியதாஸண்ணனுக்கு மண்ணப் பத்தி ஒண்ணும் தெரியாது. அது யாரு ஊட்டின கஞ்சின்னு எனக்குத் தெரில.”

தையலம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். காலையிலிருந்து அடக்கிவைத்த கண்ணீர் அப்போதுதான் வந்தது. மூவரும் தலைகளைச் சேர்த்துக் கொஞ்ச நேரம் பேசினார்கள். இரண்டு முறை தும்மினார்கள். உபதேசியார் எழுந்தார்.

“இது மரியதாஸ் வார்த்தை, ஆண்டவர் வார்த்தை இல்லை என்று நிதானித்தோம். இதனால் சகோதரிக்கு ஒரு குறைவும் இல்லை. தன் வாக்கைத் தானே பாய்க்குக் கொண்டுவந்தவர் இவர் ஒருவர்தான். குறைவு எங்களுக்கு. பாயைச் சுருட்டி மேலே போட்டது நாங்கள். இனி இது பரணுக்குப் போகாது.”

“மொளகா காயவைக்கவும் போவாது” என்றாள் சின்னப்பிள்ளை, உபதேசியார் மனைவியைப் பார்த்து.

வாசலில் பிரகாசம் நின்றுகொண்டிருந்தான். வண்டியைத் தானே பூட்டி, பெட்டியைத் தானே ஏற்றிவிட்டு மரியதாஸுக்காகக் காத்திருந்தவன், எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தானோ தெரியவில்லை. செல்லப்பன் அவன் முன்னால் போய் நின்றான். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டான். அவனைப் பொறுத்தவரை அதுவே பெரிய பேச்சு.

“மேரி நாளைக்கித் தெறக்கும்ல மாமா?” என்றான் பிரகாசம்.

“எட்டு மணிக்கே தெறந்துடுவாங்க” என்றான் செல்லப்பன் அவசரமாக.

பிரகாசம் அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்து வாசற்படியில் வைத்தான். “இந்தாங்க. இப்ப யாரும் கேக்கல. அதனால குடுக்கறேன்.”

எல்லோரும் ஞானப்பூவைப் பார்த்தார்கள். அவள் வந்து சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“தெறக்கலயாடி?” என்றாள் சின்னப்பிள்ளை.

“கல்யாணம் முடியட்டும் ஆயா. உள்ள ஒருத்தி இருந்தா, அதுவரைக்கும் பட்டினி கெடக்கட்டும்.”

இந்த முறை செல்லப்பனும் சிரித்தான். உபதேசியார் முடிவு ஜெபத்துக்குக் கை உயர்த்தினார். பலராமன் பாயைவிட்டு எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டான்.

அப்போதுதான் தையலம்மாள் பேசினாள். எழுந்து நிற்கவில்லை. வழக்கமாக வாக்கு சொல்லும் உரத்த குரலும் இல்லை. கண்ணை மூடியபடி, பக்கத்தில் யாரிடமோ கேட்பது போல் கேட்டாள்.

“வண்டிப் பலகைக்குக் கீழ, வைக்கோலுக்குள்ள, எம்புள்ள எத்தினி நாளா மூச்சு முட்டிக் கெடக்கறான். ஏன் அவன எடுத்து வெளிய வுடல?”

ஞானப்பூவின் கை தானாக நோட்டைப் பிரித்தது. எழுந்த பலராமன் சத்தமில்லாமல் மறுபடி பாயில் உட்கார்ந்தான். சின்னப்பிள்ளை மரியதாஸ் பக்கம் திரும்பினாள்.

“மரியதாஸு, இதுவும் நீ சொன்ன கதைதானா?”

மரியதாஸ் வெளியே பார்த்தார். மாடுகள் பூட்டியபடி நின்றன. அவர் உட்காரும் பலகையின் மேல், கொஞ்சமும் இடம் விடாமல், பச்சைப் பெட்டி ஏறி உட்கார்ந்திருந்தது.

“இல்ல” என்றார். “இத நான் யாருக்கும் சொல்லல.”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் இறங்கினார்.

“பிரகாசம், அந்தப் பொட்டியக் கொஞ்சம் எறக்குபா.”